இடத்தைச் சொல்வதும் நீரைச் சொல்வதும்

கயாக் ஓட்டுவேன் என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பயமா இருக்காதா?" அதற்குப் பதில் சொல்வது சுலபம். அடுத்து வருவதுதான் என்னைச் சில வருடங்களாகத் தொந்தரவு செய்கிறது. "அது எந்த இடம்? லொகேஷன் அனுப்புங்களேன்."

இதைவிட அப்பாவியான வேண்டுகோள் இருக்க முடியாது. கல்யாண மண்டபத்துக்கும் பிரியாணிக் கடைக்கும் அனுப்புகிற அதே சிவப்புப் புள்ளிதான். விரலால் இரண்டு தட்டு. ஆனாலும் ஆறு, ஏரி, கழிமுகம் என்று வரும்போது அனுப்புவதற்கு முன் ஒரு தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறதா? அல்லது, நாலு பேருக்கு மட்டும் தெரிந்த இடத்தை ஐந்தாவது ஆளுக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத சின்னத்தனத்துக்கு நான் வைத்துக்கொண்ட கௌரவமான பெயரா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கேட்பவர் உண்மையில் இரண்டு விஷயங்களைக் கேட்கிறார். ஒன்று, எங்கே. இன்னொன்று, அங்கே போனால் ஒன்றும் ஆகாதா. புள்ளி முதல் கேள்விக்குத்தான் பதில். ஆனால் அதை அனுப்பும்போது இரண்டாவது கேள்விக்கும் பதில் போய்விடுகிறது. "அவரே போய்ட்டு வந்திருக்கார், அவரே அனுப்பியிருக்கார், அப்புறம் என்ன?" நான் எழுதாத ஒரு வாக்கியத்தை வாங்கியவர் படித்துவிடுகிறார். அந்த வாக்கியத்துக்கு நான் பொறுப்பா இல்லையா என்பதுதான் பிரச்சினை.

வரைபடத்தில் எல்லா நீரும் ஒரே நீலம். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கமும் நீலம், சித்திரையில் மாடு மேயும் கிராமத்து ஏரியும் நீலம், சாக்கடை கலக்கும் கூவமும் நீலம். நம் ஊர்களில் இப்படி ஒரே நிறத்தில் யாரும் பேசியதில்லை. குளம், ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி, ஓடை, மடு, கழி, காயல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெயரிலேயே தகவல் இருக்கிறது. மடு என்றால் ஆற்றுக்குள் ஆழமான பள்ளம். "மடுப் பக்கம் போகாதே" என்று பாட்டி சொன்னால் அதில் இடமும் எச்சரிக்கையும் ஒரே சொல்லில் வந்துவிடும். வரைபடம் அந்தச் சொல்லை நிறமாக மாற்றும்போது எச்சரிக்கை கழன்றுவிடுகிறது.

ஒகேனக்கல்லை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த இடம், ரகசியம் ஒன்றுமில்லை. கோடையில் அங்கே காவிரியின் நீர்வரத்து விநாடிக்குச் சில நூறு கனஅடிக்கு இறங்கிவிடும். பாறைகளுக்கு நடுவே பரிசல் நிதானமாகப் போகும். அதே இடத்தில் 2018 ஆகஸ்டில் விநாடிக்கு 1 லட்சம் கனஅடிக்கு மேல் ஓடியது. ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு விநாடியும் 28 லட்சம் லிட்டர். வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை ஓர் இம்மிகூட நகரவில்லை. அங்கே ஓடியது வேறு ஆறு.

அந்தத் தண்ணீர் ஒகேனக்கல்லில் பெய்த மழை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குடகில் பெய்தது கிருஷ்ணராஜசாகர் வழியாகவும், வயநாட்டில் பெய்தது கபினி வழியாகவும் வருகிறது. எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அதை அளக்கிறது. அளவு கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை போடுகிறது. உங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் சுடும். ஆனால் ஆறு ஏறிக்கொண்டிருக்கும். மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி. அது நிரம்பிவிட்டால் 16 கண் மதகு வழியாக உபரிநீர் கீழே வரும், காவிரிக் கரையெங்கும் தண்டோராவும் ஒலிபெருக்கியும் எச்சரிக்கும். போன சனிக்கிழமை முழங்கால் அளவு இருந்த இடம் என்ற தகவலுக்கு அப்போது என்ன மதிப்பு? ஆற்றுக்கு முகவரி மட்டும் போதாது, தேதியும் வேண்டும்.

சரி, தேதியும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதுமா? அப்போதும் "பாதுகாப்பானது" என்ற சொல் முழுமை அடைவதில்லை. "இந்தச் சட்டை சரியா இருக்குமா?" என்று கேட்டால், யாருக்கு என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது இல்லையா, அதுபோல. கயாக் உலகில் ஆற்றின் வேகப் பகுதிகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கும் சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1 என்றால் மெதுவாக நகரும் நீர், சிற்றலை. 6 என்றால் கைதேர்ந்தவர்களுக்கே உயிராபத்து. அந்த அளவுகோலும்கூட, நீர்மட்டம் மாறினால் தரமும் மாறும் என்று எச்சரித்துவிட்டுத்தான் எண்ணைத் தருகிறது. தட்டையான ஏரிநீருக்கு அப்படி எண் எதுவும் இல்லை. தட்டையாக இருப்பதாலேயே ஏரி நம்மை ஏமாற்றும்.

என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். தடுப்பணை இருந்தால் மேலிருந்து வருபவருக்கு அதன் விளிம்பு தெரியாது. நீர்ப்பரப்பில் ஒரு நேர்கோடுதான் தெரியும். மூன்றடி உயரம்தானே என்று இறங்கினால், விழுந்த நீர் அடியில் போய்விட்டு மேற்பரப்பில் மறுபடி அணையை நோக்கியே திரும்பும். சிக்கியவரை அது விழும் நீருக்கு அடியில் திரும்பத் திரும்ப இழுத்துப் போடும். உயிர்காப்பு உடை போட்டவர்கூடத் தப்பிப்பது கடினம். ஏரியில் மதகு திறந்திருந்தால் மேலே ஓர் அலையும் இருக்காது, அடியில் இழுவை இருக்கும். மழைக்காலத்தில் கலிங்கு வழிந்தால் அதன் பக்கம் எல்லாமே நகரும். ஆற்றுப் படுகையில் வளர்ந்து நிற்கும் சீமைக்கருவேல மரத்துக்குள் வெள்ளம் புகுந்து போகும். நீர் போய்விடும், மனித உடல் போகாது. முள்ளிலும் கிளையிலும் சிக்கியவரைப் பின்னாலிருந்து நீர் அழுத்தும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அந்த அழுத்தம் நாலு மடங்காகும். கோடையில் மணல் அள்ளிய குழியை மழை மூடி மறைத்துவிடும். முழங்காலளவில் நடந்துகொண்டிருப்பவருக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம்.

கழிமுகம் என்றால் கணக்கு வேறு. ஓதம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே சுமார் ஆறு மணி நேரம். வற்றும்போது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கடலுக்குத்தான் இழுக்கும். அடையாறு முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்துக்கொள்வதும் மழைவெள்ளம் உடைத்துக்கொண்டு போவதும் நடந்துகொண்டே இருக்கும். காலையில் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும் காயலில் மதியம் கடற்காற்று ஏறியதும் அலை எழும்பும். காற்று எதிர்த்தால் போன நேரத்தில் திரும்ப முடியாது. அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன, சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்திலும் இருக்கின்றன. நகரத்து நீரில் மழைக்குப் பின் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம்.

இவ்வளவும் ஒரு புள்ளிக்குள் அடங்காது. ஒரு நல்ல புத்தகத்துக்குள்ளும் முழுதாக அடங்காது. ஏனென்றால் இவற்றில் பாதி, இந்த வாரம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த வாரத்தைப் பற்றித் தெரிந்தவர் யார்?

கரையில் இருப்பவர். ஏரி நீரை வயல்களுக்கு முறை வைத்துத் திறந்துவிட ஊருக்கு ஓர் ஆள் உண்டு. சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள், சில ஊர்களில் நீர்பாய்ச்சி. மதகு எத்தனை கண் திறந்திருக்கிறது, கரை எங்கே கசிகிறது, எந்தப் பக்கம் சேறு என்று அவருக்குத் தெரியும். பல ஊர்களில் அந்த வேலையைச் செய்கிறவர் தலித். ஏரி யாருக்குச் சொந்தம் என்ற பேச்சில் கடைசியாக நிற்கவைக்கப்பட்டவரிடம்தான் ஏரியைப் பற்றிய முதல் அறிவு இருந்திருக்கிறது. பழவேற்காடு, பிச்சாவரம் பக்கம் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கு அடித்தரை காலில் தெரியும். ஒகேனக்கல் பரிசல்காரருக்கு எந்தப் பாறை எந்த அளவு நீரில் முங்கும் என்று தெரியும். அவர்கள் யாரும் இதை எங்கும் எழுதிவைக்கவில்லை. கேட்டால் சொல்வார்கள்.

"அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி?"

"தண்ணி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மேற்க கருக்குது. பத்து மணிக்குள்ள கரையேறிடுங்க."

இந்த உரையாடலில் தகவல் மட்டும் இல்லை. கேட்கும்போது நான் அவரிடம் ஓர் அனுமதியும் கேட்கிறேன். "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுக்கிறேன். நான் எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று இப்போது ஒருவருக்குத் தெரியும். நான் பத்து மணிக்குக் கரையேறவில்லை என்றால் திரும்பிப் பார்க்க ஒரு தலை இருக்கிறது. எந்தச் செயலியாலும் தர முடியாத பாதுகாப்பு இது. சிவப்புப் புள்ளி செய்யும் பெரிய வேலை என்னவென்று எனக்கு இங்கேதான் புரிகிறது. கரையில் இருப்பவரிடம் பேச வேண்டிய தேவையை அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது. வழி கேட்க வேண்டாம், பெயர் சொல்ல வேண்டாம், யார் வீட்டு ஓரமாக வண்டியை நிறுத்துகிறோம் என்று பார்க்க வேண்டாம். நேராகப் போய் இறங்கலாம்.

இறங்கும் நீர் காலியாகவும் இருக்காது. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களிடம் பாடு என்றொரு முறை இருக்கிறது. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடலாம் என்று முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பரந்த வெறும் நீர். உள்ளே இருப்பவருக்கு அது இன்றைக்கு யாருடையது, நாளைக்கு யாருடையது என்று கோடு போட்ட நிலம். ஒருவருடைய முறைநாளில் அவர் வலைக்கு மேல் துடுப்புப் போட்டுப் போனால் நமக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு ஒரு நாள் சம்பாத்தியம் போகும். குளிர்காலத்தில் பூநாரைகள் மேயும் பக்கம் நெருங்கிப் படம் எடுத்தால் நமக்கு ஒன்றும் ஆகாது, அவை இரையை விட்டுப் பறக்கும். பாதுகாப்பா என்று நாம் கேட்கும்போது நம் உடம்பை மட்டும்தான் நினைத்துக் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நீரில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் உண்டு. "இவங்க வந்தா எங்களுக்குப் பாதுகாப்பா?"

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். எனக்கு அப்படி நிஜமாகவே ஒருவர் இருக்கிறார், வாதம் செய்வதில் வல்லவர். "எல்லாரும் வயசுக்கு வந்தவங்க. ரிஸ்க் அவங்களோடது. நீ யாருடா அவங்களுக்கு அப்பனா? இடம் கேட்டா இடத்தைச் சொல்லு. தங்களைப் பார்த்துக்க அவங்களுக்குத் தெரியும்." இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. பிறரின் உயிரைக் காக்கிறேன் என்ற பெயரில் பிறரின் வாழ்க்கையைக் கட்டுப்படுத்துவது நம் வீடுகளில் தினம் நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தராததற்கும் "உன் நல்லதுக்குத்தான்" என்றுதானே காரணம் சொன்னார்கள்? ஒருவர் தன் உடலைத் தானே ஆபத்துக்கு உட்படுத்திக்கொள்ளும் சுதந்திரம் எனக்கு முக்கியம். அது இல்லாவிட்டால் நானும் துடுப்பைத் தொட்டிருக்க மாட்டேன்.

ஆனால் நீரில் ஒருவருடைய ஆபத்து அவரோடு நிற்பதில்லை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கிரிக்கெட் விளையாடிவிட்டு வந்த இளைஞர்கள் குளிக்க இறங்கினார்கள். துணி துவைக்க வந்திருந்த பெண்கள் ஆழம் அதிகம் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு பேர் தத்தளித்தபோது மூன்று பெண்கள் உடுத்தியிருந்த புடவைகளை அவிழ்த்து முடிந்து வீசினார்கள். இரண்டு பேரைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள். அந்தப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது, கொடுத்திருக்க வேண்டியதுதான். நான் நினைப்பது வேறொன்றை. அந்தப் பெண்கள் எந்த ரிஸ்க்கையும் தேர்ந்தெடுத்து வரவில்லை. துணி துவைக்க வந்தார்கள். தெரிந்ததைச் சொன்னார்கள், சொன்னது பலிக்காதபோது தாங்களும் இறங்கினார்கள். காப்பாற்ற முடியாமல் போன இரண்டு முகங்களையும் அவர்கள்தான் பார்த்தார்கள்.

"என் உயிர், என் இஷ்டம்" என்பவர் இந்த இரண்டாவது ஆளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. யாராவது மூழ்கினால் கரையில் நிற்கிற மனிதர் தன் இஷ்டத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. குதித்துவிடுகிறார். பல சமயம் அவரும் போய்விடுகிறார். நீச்சல் தெரியாத அக்கா தம்பியைப் பிடிக்க இறங்கியது, அப்பா மகளைப் பிடிக்க இறங்கியது என்று நாளிதழின் உள்பக்கத்தில் வரும் செய்திகளை வரிசையாகப் படித்திருக்கிறோம். ஆகவே என் சுதந்திரத்தை நான் மறுக்கவில்லை. அதற்கு ஒரு சாட்சி கரையில் நிற்கிறார், அவர் உயிரும் அதில் பணயமாகச் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்படியானால் இடத்தையே சொல்லாமல் இருந்துவிடலாமா? கயாக் ஓட்டுபவர்களிடையே, மலையேறுபவர்களிடையேயும், இந்த வழக்கம் உண்டு. "நல்ல இடம்னா வாயை மூடு." கூட்டம் வந்தால் குப்பை வரும், தடை வரும் என்பது அவர்கள் நியாயம். பாதிக்கு மேல் உண்மைதான். ஆனால் இந்த மௌனம் யாருக்குச் சாதகம் என்று பார்க்க வேண்டும். கயாக் மலிவான பொருள் இல்லை. அதை ஏற்ற ஒரு கார் வேண்டும். வார இறுதி ஓய்வு வேண்டும். இவை உள்ளவர்கள் ஒரு நீரைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு, அதன் சாவியைத் தங்கள் குழுவுக்குள் வைத்துக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. இந்த நாட்டில் நீருக்குச் சாவி போட்ட வரலாறு நீளமானது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மகாடு சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிக் குடித்த மக்கள், நகராட்சி காகிதத்தில் ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்த குளத்தில்தான் இறங்கினார்கள். அதற்கே அடி வாங்கினார்கள். கயாக் குழுவின் ரகசியத்தை அதோடு ஒப்பிடுவது மிகையென்று எனக்கும் தெரியும். ஆனாலும் "இது எல்லாருக்கும் ஆனது இல்லை" என்ற வாக்கியத்தை ஒரு நீரின் முன்னால் நின்று சொல்வதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

மௌனம் யாரையும் காப்பாற்றுவதும் இல்லை. ஊர்ப் பையன்கள் வாழைமரத்தைக் கட்டிக்கொண்டாவது இறங்கத்தான் போகிறார்கள். வெளியூர்க்காரர்கள் யாரோ ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்துத் தேடி வரத்தான் போகிறார்கள். பழவேற்காடு யாருக்கும் தெரியாத இடமா? 2011 டிசம்பர் 25 அன்று அங்கே சுற்றுலா வந்தவர்கள் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லை. அந்த நிகழ்வு, நான் மேலே சொன்னதற்கும் ஒரு திருத்தம் வைக்கிறது. கரையில் இருப்பவரின் அறிவு பெரிது, ஆனால் அது தெய்வவாக்கு இல்லை. மீன்பிடிக்கத் தெரிவது வேறு, நீச்சல் தெரியாத பெரியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிப்போவது வேறு. உள்ளூர்க்காரர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாலும் உயிர்காப்பு உடையைக் கழற்றக் கூடாது. அவரிடம் நீரைக் கேட்க வேண்டும். நம் உடம்பைப் பற்றி நாம்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பதில்.

ஆக, அனுப்புவதும் சரியில்லை, அனுப்பாமல் இருப்பதும் சரியில்லை என்று வந்து நிற்கிறது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் சோர்வு தரும் வழி. இப்போது யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். நீச்சல் தெரியுமா? கூட யார் வர்றாங்க? சொந்தப் படகா, வாடகையா? எந்த மாசம் போறீங்க? அப்புறம் ஒரு நீளமான செய்தி எழுதுகிறேன். நான் கடைசியாகப் போனது எந்தத் தேதி, அன்றைக்கு நீர் எந்தப் படி வரை இருந்தது, எங்கே இறங்கினேன், எங்கே ஏறினேன், கீழ்ப்பக்கம் எத்தனை தூரத்தில் தடுப்பணை, எந்தப் பக்கம் நான் போய்ப் பார்க்கவே இல்லை, கரையில் யாரிடம் கேட்க வேண்டும், எந்த நாளில் போகவே கூடாது. குடிநீர் ஏரி, காப்புக்காடு, பறவைகள் சரணாலயம் என்றால் யாரிடம் அனுமதி. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் புள்ளி.

சிலர் இதைப் படித்துவிட்டு, "இவ்ளோவா? விடுங்க ப்ரோ, முட்டுக்காடு போட் ஹவுஸ்லயே போய்க்கிறேன்" என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது நீரின் மேல் ஒரு மணி நேரம், அது அங்கே கிடைக்கும். சிலர் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கிறார்கள். அவர்களோடு சேர்ந்தே ஒரு தடவை போய்விடுகிறேன். தகவலாக ஆரம்பித்தது அறிமுகமாக முடிகிறது. யோசித்துப் பார்த்தால், புள்ளி என்ற ஒன்று வருவதற்கு முன் இடங்கள் எல்லாம் இப்படித்தான் கைமாறியிருக்கின்றன. தெரிந்தவர் கூட்டிக்கொண்டு போனார்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்க முடியாது. என் நீளமான செய்தியிலிருந்து புள்ளியை மட்டும் வெட்டி இன்னொருவருக்கு அனுப்ப ஒரு விநாடி போதும். மூன்றாவது கையில் இருப்பவருக்கு மதகும் தெரியாது, மணல் குழியும் தெரியாது. அவருக்கு ஏதாவது ஆனால்? சட்டப்படி எனக்கு ஒன்றுமில்லை. குற்றவாளி என்ற சொல்லும் எனக்குப் பொருந்தாது என்றுதான் நினைக்கிறேன். நடந்ததற்குக் குற்றவாளி ஆவது வேறு, நடப்பதில் பங்கு இருப்பது வேறு. நான் எதைச் சுலபமாக்கினேனோ அதில் எனக்குப் பங்கு உண்டு. புள்ளி போவதைச் சுலபமாக்குகிறது, திரும்பி வருவதைச் சுலபமாக்குவதில்லை. அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தை என்னால் முடிந்த அளவு எழுதிக் குறைப்பதுதான் என் பங்குக்கான கடமை. முழுதாகக் குறைக்க முடியாது என்பது எழுதாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

அந்தச் செய்திக்கும் காலாவதி உண்டு. 2018 ஆகஸ்ட் 22 இரவு திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. 1830களில் கட்டப்பட்டு, ஏறத்தாழ 180 வருடம் நின்ற அணை. முந்தின நாள் வரை அந்த இடத்தைப் பற்றித் தெரிந்திருந்த எல்லாம் மறுநாள் காலையில் பழசாகிவிட்டது. இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஏதோ ஒரு கரை சரிகிறது, ஏதோ ஒரு மரம் விழுகிறது, மணல்திட்டு இடம் மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை கழிந்ததும் பழைய செய்தியை அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு எனக்கு இடத்தைக் கேட்டவர்களின் உதவி தேவை. நீங்கள் போன அன்று எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அடுத்து கேட்பவருக்கு என்னால் உண்மையைச் சொல்ல முடியும்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொன்னால் நம் பெரியவர்கள் விடமாட்டார்கள். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வாசலிலேயே நிறுத்தித் திருத்துவார்கள். சின்ன வயதில் அது வெறும் சகுனமாகத் தெரிந்தது. இப்போது அது ஒரு முழுமையான வாக்கியம் என்று தோன்றுகிறது. போவதைச் சொல்லும்போதே திரும்புவதையும் சேர்த்துச் சொல்லும் வாக்கியம். யாருக்காவது ஒரு நீரைக் காட்டும்போது அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியையும் கொடுக்க வேண்டும். அதனால் என் செய்தியின் கடைசி வரி இப்போதெல்லாம் இதுதான்: கரையில் இருக்கிறவர்கிட்ட சொல்லிட்டு இறங்குங்க, ஏறினதும் அவர்கிட்டயும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.